இரண்டு ஊரில் ஒரே சாவி

கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, எங்கேயோ இருக்கிற கிளவுட் கணினிகளைப் பராமரிக்கிறவர்களுக்கு முதலில் பிடிக்கிற நோய் சந்தேகம். கழுத்துவலி அதற்குப் பிறகுதான். நீங்களும் இந்தச் சோலியில் இருந்தால் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள். இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: எந்த வாடிக்கையாளரின் கணக்கு, அதற்கு எந்தச் சாவி என்று லேப்டாப்பில் பதிந்து வைப்பதுதான் ப்ரொஃபைல். சாவி என்பது ஒரு நீளமான எழுத்துக்கோவை. அதை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர்தான் நான் என்று கணினி நம்பிவிடும். ஒன்பது மாதப் பிள்ளை உறங்குகிற நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். லேப்டாப்பில் இல்லை, நோட்டில்.

பெயர் சொல்லாவிட்டால்

கட்டளையோடு ப்ரொஃபைலின் பெயரைச் சொல்ல மறந்தால், ‘டிஃபால்ட்’ என்று பதிந்திருப்பதை அது எடுத்துக்கொள்ளும். நான் சேர்ந்த வாரம், கூட வேலை பார்க்கும் நெய்யாற்றின்கரை பிரியா, திருவனந்தபுரம் மாவட்டத்துக் குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்கே வந்து என் லேப்டாப்பில் சாவி, ப்ரொஃபைல் எல்லாம் போட்டுத் தந்தாள். நான் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரத்தில் முடித்துவிட்டாள். அடுத்த நாள் சோதனைக் கணினிகளை அழிக்கக் கட்டளை அடித்துவிட்டு, என்டர் தட்டுமுன் எந்தக் கணக்கு என்று பார்த்தேன். கான்வென்டில் பரீட்சைத் தாளைக் கொடுக்குமுன் பெயர் எழுதியிருக்கிறோமா என்று பார்க்கச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். டிஃபால்டில் கிடந்தது ஓர் ஆஸ்பத்திரியின் நிஜக் கணக்கு.

பிரியா மறந்து வைத்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா? கேட்கவில்லை. அன்றே டிஃபால்டைக் காலியாக்கினேன். அதற்குப் பின் எதை அடிக்குமுன்னும் ‘நான் யார்’ என்று கேட்கும் கட்டளையை அடித்து, வருகிற பதிலை வாய்விட்டு வாசிப்பேன். அடுக்களையிலிருந்து மாமி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். “மக்கா, நீ ஆருண்ணு அந்தப் பெட்டிக்க கிட்ட தெனமும் கேக்கியே, எனக்க கிட்ட கேட்டா ஒரு தடவைல சொல்லித் தருவேனே.”

வாட்ஸ்அப்பில் வந்த சாவி

ரகசியச் சாவியைத் திரை ஒரே ஒரு முறைதான் காட்டும். மூடினால் போயிற்று. பிரியாவுக்குப் புதுச் சாவி வந்தபோது அந்தப் பயத்தில் அதைப் படம் பிடித்து, சரியாகப் பதிந்திருக்கிறாளா என்று பார்க்கச் சொல்லி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். படத்தை அழித்துவிட்டு, அந்தச் சாவியையும் ரத்து செய்து வேறு எடு என்றேன். இரண்டு நாள் வேலை மறுபடி அவள் தலையில். கேட்டாள்: “நான் ஒனக்குத்தானே அனுப்பினேன், ஊருக்கா அனுப்பினேன்? நீ என்ன கள்ளியா அக்கா?”

சென்னையில் இருக்கும் நான்

பாதுகாப்புப் பிரிவு மேடம் ஒரு நாள் காலையில் நேராக எனக்கே கூப்பிட்டார்கள். என் சாவி முந்தின நாள் பதினொன்று பத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்தும், பதினொன்று பதினாலுக்குச் சென்னையிலிருந்தும் உள்ளே வந்திருக்கிறது. ஒரு முறை இல்லை, மாதத்தில் ஆறேழு முறை. என் சோலி இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டுக்காரருக்குக் காரக்கோணத்தில் லேப் வேலை, அதுவும் ஒப்பந்தம். சாயங்காலத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் சாவியோடு என்னையும் நிறுத்திவிடுவார்கள் என்று புரிந்தது.

பிரியாவின் மாப்பிள்ளை சென்னையில் இருக்கிறான். என் முதல் சாவியைக் கையால் தொட்டவள் அவள். யோசிக்கக்கூட இல்லை, பெயரைச் சொல்லிவிட்டேன். மேடம் எழுதிக்கொண்டு, குரல் மாறாமல் கேட்டார்கள்: “சரி, பிரியாவோட சாவியையும் நிறுத்திடறேன். நீங்க உறுதியாத்தானே சொல்றீங்க?”

கறண்டு போனபோது

உறுதி என்று சொன்ன வாயோடு உட்கார்ந்திருந்தேன். மதியம் கறண்டு போயிற்று. எங்கள் இன்வெர்ட்டர் மின்விசிறியைச் சுழற்றும், இணையப் பெட்டியை எழுப்பாது. லேப்டாப் தன்பாட்டில் என் போனின் இணையத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த சிம், கல்யாணத்துக்கு முன் களியக்காவிளையில் எடுத்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து, தமிழ்நாட்டு சிம். ஏதோ தோன்றி, நான் எந்த ஊரிலிருந்து இணையத்துக்குள் போகிறேன் என்று பார்த்தேன். சென்னை. அடுக்களையில் மீன்குழம்பு கொதிக்கிறது, பிள்ளை என் மடியில், நான் சென்னையில். அந்த சிம்முக்கு இணையத்தின் வாசல் சென்னையில்தான். ‘நான் யார்’ என்று நூறு தடவை கேட்டவள், ‘நான் எங்கே’ என்று ஒரு தடவை கேட்கவில்லை.

மேடத்திடம் சொன்னேன். கறண்டு போன நேரங்களைக் கேட்டு, பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, என் பெயரை விடுவித்தார்கள். பிரியாவின் சாவியையும் திறந்தார்கள். ஆனால் அதற்குள் அவள் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்த பாதியில், அத்தனை பேர் முன்னால், உள்ளே போக முடியாமல் நின்றிருக்கிறாள். கூப்பிட்டு, பெயரைச் சொன்னது நான்தான் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. “நீ கள்ளி இல்லை அக்கா, போலீசாக்கும். போலீசை விட எனக்குக் கள்ளியே கொள்ளாம்.”

இப்போது பிரியா எனக்கு எதை அனுப்பினாலும் சாவி இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறிகளை மட்டும் போட்டு அனுப்புகிறாள்; அதில் பாதுகாப்பு எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று காட்டுகிற கட்டளைதான் எனக்கு இன்னும் அகப்படவில்லை.