சாருக்கு ஒரு குவியல்

ஆவுடையம்மாளின் அப்பா பிச்சை கொச்சி மட்டாஞ்சேரியில் தெரு கூட்டும் கார்ப்பரேஷன்காரர். 1979-ல் அவர் வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். வேலை மகளுக்கு என்றானது. எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் ஆபீஸில் பியூன், தேறாவிட்டால் அப்பாவின் துடைப்பம். இங்கிலீஷ்தான் ஏற்கெனவே அவள் காலை வாரிவிட்டிருந்தது.

பகலில் சுக்குக் கிடங்கில் தரம் பிரித்தாள். முழுசு, உடைசல், சொத்தை என்று மூன்று குவியல். எதில் சேர்ப்பது என்று தெரியாததைக் கண்ட குவியலில் எறிந்தால் கிடங்கு மேஸ்திரியான மூப்பன் செல்லதுரை பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். அதற்கென்று நாலாவது குவியல் உண்டு. அதை அவரே வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

சாயங்காலம் டுட்டோரியலில் அனந்தநாராயணன் சார் தொண்டை வறளக் கத்தினார்.

"'ஷீ இஸ் குக்கிங்'னா அவ சமைக்கிறா, வெர்ப். 'எ குக்'னா சமையல்காரன், நவுன். 'குக்கிங் இஸ் ஹார்டு'ன்னா அந்தக் காரியத்துக்கே பேரு. ஜெரண்ட்!"

புரிந்த மாதிரிதான் இருந்தது. பரீட்சை ஹாலுக்குள் நுழையும் வரைக்கும்.

கோடிட்ட சொற்களை மூன்றாகப் பிரிக்கச் சொன்னது கேள்வி. வெர்பையும் நவுனையும் மளமளவென்று பிரித்தாள். மிச்சத்தில் கை நின்றது. தெரியாததைக் கண்ட இடத்தில் போட மனசு ஒப்பவில்லை. ஜெரண்ட் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் நாலாவது கட்டம் போட்டு, 'ஃபார் சார்' என்று தலைப்பெழுதி அத்தனையையும் அதில் வைத்தாள்.

வெளியே வந்து அவள் சொன்னதைக் கேட்டு அனந்தநாராயணன் தலையில் அடித்துக்கொண்டார். "மண்டு! நீ ஒதுக்கினது அத்தனையும் ஜெரண்டுதான்!"

"உறப்பில்லாத்ததை, நிச்சயமா தெரியாததை, எப்படி சாரே போடறது? பேப்பர் நோக்கற சார் எங்க கிடங்கு மூப்பன் மாதிரி தீர்ப்பு சொல்லுவாருன்னு..."

"பரீட்சைக்கு மூப்பன் கெடையாதும்மா."

சொற்ப மார்க்கில் போயிற்று. சரியாகப் பிரித்தும் தோற்றோமே என்பதுதான் அவளைக் குழாயடியில் உட்கார்ந்து அழ வைத்தது. அடுத்த வாரம் துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

பழக்கம் மட்டும் போகவில்லை. பஜார் ரோட்டில் குப்பையா இல்லையா என்று தெரியாததை, சாவி, ஒற்றைக் கொலுசு, கிழிந்த படம், எதுவானாலும் மசாலாக்கடைப் படியோரம் ஒதுக்கி வைப்பாள். தொலைத்தவர்கள் நேரே அங்கேதான் வருவார்கள்.

வருஷங்கள் கழித்து ஒரு காலையில் அனந்தநாராயணன் சார் பெட்டிச் சாவியைத் தேடி வேர்த்து விறுவிறுத்து வந்தார். அவள் அதை எடுத்து முந்தானையில் துடைத்து நீட்டினாள்.

"ஃபார் சார்."

அவரால் சிரிக்க முடியவில்லை. அவள் சிரித்துவிட்டு, பாக்கி ரோட்டைக் கூட்டப் போனாள்.