அத்தை சொன்ன பெயர்

அப்போது எனக்கு எட்டு வயது. வீட்டில் எனக்கென்று ஒரு முக்கியமான வேலை இருந்தது. அத்தை தன் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டால் என்னை முன்னே தள்ளிவிடுவாள். நான் இனிஷியலோடு கணீரென்று சொல்வேன். அதில் எனக்கு ஏகப் பெருமை.

பிறகு கோர்ட்டில் இருவருக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. ஆனாலும் அத்தை பயிர் செய்த கோயில் நிலத்தின் குத்தகைப் பதிவில் ‘இன்னார் மனைவி’ என்றே இருந்தது. அதைச் சாக்காக வைத்து, குறுவை அறுப்புக்கு ஆள் கூட்டி வருவேன் என்று மாமா சொல்லி அனுப்பினார். வயலுக்கு வயல் கொடியும் தகராறும் போலீஸுமாக இருந்த காலம். அறுப்புக்குள் ‘இன்னார் மகள்’ என்று மாற்றினால்தான் நெல் அத்தை வீட்டுக்கு வரும்.

தாலுகா ஆபீஸ் வரிசையில் அத்தைக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மனுவை மடித்தாள், பிரித்தாள், தலைப்பில் முடிந்தாள், மறுபடி அவிழ்த்தாள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பெயரை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

குமாஸ்தா தீர்ப்பு நகலைப் புரட்டினார்.

"யார் பேரும்மா எடுக்கணும்?"

நான் சொன்னேன்.

"நீ சும்மா இரு பாப்பா. மனு கொடுத்தவங்க சொல்லட்டும்."

"அதான் காயிதத்துல இருக்குங்களே," என்றாள் அத்தை.

"நாளைக்கு அந்தாளு வந்து என் சட்டையப் பிடிச்சா? உங்க வாயால சொல்லுங்க."

பின்னால் நின்ற ஒருவர், "கோர்ட்டுல மட்டும் எப்படிச் சொன்னியாம்?" என்றார்.

"வக்கீல் சொன்னாருங்க."

வரிசையே சிரித்தது. கரைவேட்டிக்காரர் ஒருவர், "நம்ம ஆட்சிம்மா இது, தைரியமா சொல்லு!" என்று குரல் கொடுத்தார்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிவிட்டாள். குமாஸ்தா சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, மேலே தாத்தா பெயரை எழுதி முத்திரை குத்தினார்.

நெல் நம்முடையதாகிவிட்டது, இனி சிரிப்பாள் என்று பார்த்தேன். அவளோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்பாள் கோயிலுக்கு ஓடினாள். நடை சாத்தப் போகிற நேரம். மூச்சு வாங்க அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"பூரட்டாதிங்க. ஆயுசுக்குப் பண்ணுங்க சாமி."

அது மாமாவின் நட்சத்திரம்.

"பேரு?" என்றார் குருக்கள்.

அத்தை என்னைப் பார்த்தாள். என் வேலையை ஆபீஸில் அவளே பறித்துக்கொண்ட கோபம் எனக்கு.

"நீதான் சொல்லிட்டியே அத்தை. இப்பவும் சொல்லேன்."

"அது ஆபீஸுக்குடி. இது சாமி முன்னால. சொல்லுடி கண்ணு."

நான் வாயைத் திறக்கவில்லை. குருக்கள் நட்சத்திரத்தை மட்டும் சொல்லி அர்ச்சனையை முடித்தார். அம்பாள் என்னை மன்னிக்க வேண்டும். தன் நெல்லைப் பிடுங்க வந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று ஒருத்திக்கு மனசு இப்படிப் பதறும் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.