கடலடி மண்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். என் மனுசனையும் சேர்த்தால் ஆறு என்று சொல்லலாம். சொன்னால் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுதவும் எழுதுவேன், ஆனால் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான். நான் கடலுக்கு அடியில் போய்விட்டு வந்ததைத்தான் இதில் எழுதப் போகிறேன். அதை அவசரப்பட்டுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

முதலில் என் மனுசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்ப் பக்கம் இளந்தாரியாக இருந்தபோது அவர் சங்கு குளித்தவர். சிலிண்டர், குழாய் ஒன்றும் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் போய்ச் சங்கோடு மேலே வருவார். கலியாணம் முடித்துச் சில வருசத்தில் அந்தத் தொழிலை விட்டார். தொழிலை விட்டாரே தவிர அந்தப் பெருமையை விடவில்லை. எங்களுக்குள் எந்தப் பேச்சு வந்தாலும், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையானாலும் சரி, சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்ற கதையானாலும் சரி, தான் தோற்கப் போகிறார் என்று தெரிந்தால் ஒரே வசனத்தால் என்னை இருத்திவிடுவார்.

“கடலடி காணாதவளோடை எனக்கென்ன கதை.”

அதற்கு என்ன மறுமொழி சொல்வது? ஐந்து பிள்ளை பெற்றதைச் சொன்னால், “அது எல்லாப் பொம்பிளையளும் செய்யிறதுதானே” என்பார். அந்த நாளில் பெண் ஒருத்தி வள்ளத்தில் கால் வைத்தாலே முகம் சுளிப்பார்கள். பிறகு எங்கே கடலடியைக் காண்பது. ஐம்பது வருசமாக அந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டுதான் சோறு போட்டேன்.

இப்போது நாங்கள் மெல்பேர்ணில், கிளென் வேவர்லியில், கடைசி மகளோடு இருக்கிறோம். அவளுக்குத் தகப்பனுடைய பைத்தியம். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கப் பழகியவள். கோடை வந்தால் சனிக்கிழமைகளில் தெற்கே காரோட்டிப் போய், ஒரு சின்னத் தீவைச் சுற்றி இறங்குவாள். அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலை மீன்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே தூண்டில் போடக் கூடாது, சிப்பி பொறுக்கக் கூடாது.

“ஒண்டும் பிடிக்கேலாதெண்டால் என்னத்துக்கு இறங்குறது?” என்று அவர் கேட்பார்.

“பாக்க, அப்பா.”

“பாக்கிறதுக்கு ரீவி கிடக்கு.”

போன கோடையில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எனக்கும் அவருக்கும் ஒரு பாரை மீனைப் பற்றிப் பேச்சு வந்தது. மீன் பழசு என்றேன் நான். இல்லை என்றார் அவர். மூடியைத் திறந்து மணந்து பார்க்கச் சொன்னேன். மணந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. உடனே அந்த வசனத்தை எடுத்தார். மருமகனும் இருந்தார்.

நான் கரண்டியை வைத்துவிட்டு மகளிடம் சொன்னேன். “பிள்ளை, அடுத்தமுறை போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போ. நானும் ஒருக்கா அதைக் கண்டிட்டு வாறன்.”

மகள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

“இவவோ?” என்றார் அவர். “முகம் கழுவேக்கை கண்ணுக்குள்ளை தண்ணி போனாலே ஊரைக் கூட்டுறவ.”

“நான் போனால் என்ன செய்வியள்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஊர்க் கணக்கைச் சொன்னார். அவர்கள் சின்னப் பெடியளாகக் குளிக்கப் பழகிய நாளில், அடிக்குப் போனவன் ஒரு பிடி மண்ணைக் கையில் பொத்திக்கொண்டு மேலே வர வேண்டும். மண்ணில்லாமல் வந்தால் அவன் போகவில்லை என்றுதான் கணக்கு. சத்தியம் பண்ணினாலும் எடுபடாது.

“நீயும் மண்ணோடை வா. அந்தக் கதையை இனி நான் எடுக்கமாட்டன். மண் இல்லையெண்டால் சாகுமட்டும் கேட்டுக்கொண்டிரு.”

“சரி” என்றேன். மருமகன் சாட்சி.

டொக்டர் நெஞ்சைப் பார்த்தார், காதைப் பார்த்தார், ஊதச் சொன்னார். தன்னுடைய நெஞ்சை விட இது நல்லாய் ஓடுகிறது என்றார். முழங்கால் நோவுக்காக நான் பல வருசமாக நீச்சல் குளத்தில் நடக்கிறவள், தண்ணீர் எனக்குப் புதிதில்லை. ஆழம்தான் புதிது.

முதலில் அந்தக் குளத்திலேயே பழக்கினார்கள். பழக்கியவள் ஒரு வெள்ளைக்காரி, என் மூத்த மகளின் வயது இருக்கும், நல்ல தோள். அவளுடைய முதல் சட்டம் தண்ணீருக்குள் மூச்சைப் பிடிக்கவே கூடாது என்பது. நானோ மூச்சுப் பிடிக்கிறவனைத்தான் ஆம்பிளை என்று மதிக்கிற ஊரில் பிறந்தவள். தலை தண்ணீருக்குள் போன உடனே, வாயில் குழாய் இருந்தும், மூச்சு தன்பாட்டில் நின்றுவிட்டது. மகள் என்னை மேலே இழுத்தாள்.

“அம்மா, பிடிக்காதேங்கோ. மூச்சு விடுங்கோ. விட்டுக்கொண்டே இருங்கோ.”

சரி என்று திரும்பவும் தாழ்ந்தேன். விட்டேன். சொன்னபடி விட்டுக்கொண்டே இருந்தேன். நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் குமிழி குமிழியாகப் போய் முடிந்தது. முடிந்த பிறகும், அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று மகளைப் பார்த்தபடி குளத்தின் அடியில் வெறும் நெஞ்சோடு குந்திக்கொண்டிருந்தேன். பிறகு தாங்க முடியாமல் துள்ளி எழும்பினேன்.

“ஏனம்மா மூச்செடுக்கேல்லை?”

“நீ எங்கை எடுக்கச் சொன்னனீ? விடச் சொன்னாய், விட்டன்.”

கரையில் ‘மூச்சு விடு’ என்றால் விடுவதும் எடுப்பதும் இரண்டும்தான். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் சங்கு குளிக்கிறவன் வீட்டில் தண்ணீருக்குள் மூச்சை விடுவது என்றால் விடுவது மட்டும்தான், அதோடு காரியம் முடிந்தது. மகள் இங்கே வளர்ந்தவள், அவளுக்கு இது தெரியாது. வெள்ளைக்காரிக்கு மகள் விளங்கப்படுத்தியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ‘எடு’, ‘விடு’ என்ற இரண்டு சொல்லையும் கேட்டுப் பழகினாள். அவள் வாயில் அது “எது, விது” என்றுதான் வந்தது. எதுவுக்குக் கையை நெஞ்சுக்குக் கொண்டுவருவாள், விதுவுக்குக் கையை வெளியே விரிப்பாள். அதற்குப் பிறகு குளத்தில் எனக்கு ஒரு பிழையும் வரவில்லை.

வீட்டில் இதைக் கேட்ட என் மனுசன், “மூச்சுப் பிடிக்காமல் கடலடியோ? அது பஸ்ஸிலை போற மாதிரி” என்றார்.

“நீங்கள் நடந்து போனனீங்கள், நான் பஸ்ஸிலை போறன். இடம் ஒண்டுதானே.”

போகிற நாளன்று அவரும் படகில் ஏறினார். கம்பளித் தொப்பி, குளிர்ச் சட்டை, போத்தலில் தேத்தண்ணி எல்லாம் எடுத்துக்கொண்டு, நான் தோற்பதைப் பார்க்கவென்றே வந்தார். அந்தக் கடல் கோடையிலும் குளிர். அதனால் தடித்த ரப்பர் உடுப்பொன்றைப் போட வேண்டும். அது காலில் ஏறாது. மகள் என் பாதத்தில் ஒரு கடைப் பையை மாட்டி, அதன்மேல் உடுப்பை வழுக்கி இழுத்தாள். இழுத்து முடித்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கறுத்தக் கத்தரிக்காய்” என்றார். “பொரிக்க எண்ணெய் காணாது.”

இறங்குவதற்கு முன் வெள்ளைக்காரி எல்லோருக்கும் சட்டத்தைத் திரும்பச் சொன்னாள். தொடலாம், எடுக்கக் கூடாது. கல், சிப்பி, பாசி ஒன்றையும்.

“மண்?” என்று கேட்கச் சொன்னேன்.

மகள் கேட்டாள். வெள்ளைக்காரி தலையை ஆட்டினாள். மண்ணும்தான். ஒரு பிடியும் கூடாது.

இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சிப்பி, மீன் என்றுதான் நான் நினைத்திருந்தேன், மண்ணை யார் நினைப்பார்கள். என் மனுசனுடைய முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். “நான் என்ன செய்ய. சட்டம் அவையின்ரை. கணக்கு எங்கடை.”

“அப்பா, இது நியாயமில்லை” என்றாள் மகள்.

“நீ சும்மா இரு பிள்ளை” என்றேன் நான். என் உடுப்பின் கைக்குள் ஒரு பிடி மண் ஒளிக்க இடம் இருந்தது. வலைக்குக் கட்டுவது போல இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கட்டும்போதே அதை நான் பார்த்து வைத்திருந்தேன்.

சிலுவை போட்டுக்கொண்டேன். முகத்தில் மாட்டியிருந்த நீச்சல் கண்ணாடியில் கை இடித்தது. படகிலிருந்து ஒரு கயிறு அடிவரை போனது. அதைப் பிடித்துக்கொண்டு கையெட்டக் கையெட்ட இறங்கினேன். வெள்ளைக்காரி என் தோளுக்குப் பின்னால் சிலிண்டரைப் பிடித்தபடி வந்தாள். மகள் எனக்கு முன்னால், என் முகத்தைப் பார்த்தபடி. காது குத்தியபோது மூக்கைப் பொத்தி ஊதினேன், திறந்தது.

அந்தக் கடல் நீலம் இல்லை, பச்சை. பாறைகளில் மண்ணிறப் பாசி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, எல்லாம் ஒன்றாக அந்தப் பக்கம் சாய்ந்து, ஒன்றாக இந்தப் பக்கம் சாய்ந்தது. கிளாத்தி போல ஒரு மீன் வந்து என் கண்ணாடியைக் கொத்திப் பார்த்தது. மனிதருக்குப் பயமே இல்லாத மீன்களை அன்றுதான் கண்டேன். பிறகு ஒரு திருக்கை, விரித்த பாய் அளவு, என் காலுக்குப் பக்கத்தால் போனது. திருக்கையைச் சட்டிக்குள்தான் எனக்குப் பழக்கம். அது போகிற வடிவைப் பார்க்க, இனி அதை அரியும்போது கை கொஞ்சம் தயங்கும் என்று நினைத்தேன்.

முழங்கால் மண்ணில் பட்டது. அதுதான் அடி.

ஒரு பிடி அள்ளினேன். கைக்குள் சரியாக வந்தது. பரல் மண், உடைந்த சிப்பித் துண்டுகள் நிறைய. வெள்ளைக்காரி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் என்னைப் பார்த்தாள், பிறகு அவளும் வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளை எனக்காகக் கண்ணைத் திருப்ப வேண்டிய ஒரு காரியத்தை நான் ஒருநாளும் செய்ததில்லை. ஐம்பது வருசம் பொறுத்தவள், களவெடுத்த மண்ணைக் காட்டியா வெல்ல வேண்டும். கையை விரித்தேன். மண் புகை மாதிரிக் கலைந்து இறங்கியது. குஞ்சு மீன்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து பார்த்துவிட்டுப் போயின.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குமிழிச் சத்தம் ஓய்கிற இடைவெளியில், சுற்றிவர, சின்னச் சின்னதாய். சிலிண்டர்தான் வெடிக்கிறதோ என்று நினைத்தேன். கேட்பதற்காக மூச்சை நிறுத்தினேன். வெள்ளைக்காரி உடனே விரலை ஆட்டிக் கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள். எது. எடுத்தேன். சத்தம் போகவில்லை.

மேலே வந்து படகில் ஏற்றியதும் அவர் கேட்ட முதல் சொல், “மண்?”

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவருக்கு வாய் கோணி, சிரிப்புத் தொடங்கியது. எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை. வேறொன்று மனதை அரித்துக்கொண்டிருந்தது.

“இஞ்சேருங்கோ, மண்ணை விடுங்கோ. அங்கை என்ன அது அப்பிடிப் பொரியுது?”

“என்ன பொரியுது?”

“கொதிக்கிற எண்ணெய்க்குள்ளை கடுகு போட்ட மாதிரி. சுத்திவரப் பொரிஞ்சுகொண்டே கிடக்கு, பாத்தால் ஒண்டையும் காணேல்லை. இவ்வளவு காலம் குளிச்சனீங்கள், ஒருநாளும் சொல்லேல்லையே.”

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் திருகினார், திரும்பப் பூட்டினார்.

“அது ஒருவகைச் சின்ன றால் அம்மா” என்றாள் மகள். “காலைச் சொடுக்கிற சத்தம். ஆயிரக்கணக்கிலை கிடக்கும்.”

“றாலோ?” என்று கேட்டது நானில்லை, அவர்.

“ஏன், உங்களுக்குத் தெரியாதோ?” என்றேன்.

 அவர் கடலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். “முதல் நாள் அதைக் கேட்டிட்டுப் பயந்துபோய்ப் பாதியிலை மேலை வந்திட்டன். என்னெண்டு கேட்டால் பெடியள் பகிடி பண்ணுவாங்கள். அதாலை நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. பிறகு பழகிப்போச்சு.”

“நான் பயப்பிடேல்லை.”

“ஓம், உனக்குக் கடுகு தெரியும்.” தேத்தண்ணியை மூடியில் ஊற்றி, முதல் முறையாகத் தான் குடிக்காமல் எனக்கு நீட்டினார். “சரி, கண்டிட்டாய்.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். மண்ணுக்கு வைத்த கணக்கு என்னவென்று நானும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. போன கிழமை குசினியில் பாலப்பத்து மா புளித்ததா இல்லையா என்று பேச்சு முற்றியது. “கடலடி” என்று தொடங்கினார். தொடங்கிவிட்டு, தன்னுடைய கண்ணாடி எங்கே என்று தேடப் போய்விட்டார். கண்ணாடி மூக்கில் இருந்தது.

ஆனாலும் ஆம்பிளைகளுக்கு மறதி கூடுதல். அதனால்தான் எழுதி வைக்கிறேன். இப்போது அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். பேத்தி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கப் பழகுகிறவள், இங்கே பக்கத்தில்தான் நிற்கிறாள். பிள்ளை, இஞ்சை வா, அம்மம்மா எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. பிழை இருந்தால் சொல்லு, திருத்துவம். தேத்தண்ணி நீட்டின இடம் வந்தால் கொஞ்சம் உரத்து வாசி. அம்மப்பா நித்திரை இல்லை.