பதினெட்டுத் துண்டுகளும் ஒரு பாட்டும்

காலை பத்து மணி பத்து நிமிடம். பேத்தியின் பள்ளி இசைவிழாவுக்குப் போய் உட்கார்ந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது, மேடை ஓரத்து ஸ்டூலில் இருந்த எவர்சில்வர் தாம்பாளம். அதில் உறை பிரிக்காத சால்வைகள். எண்ணினேன். பதினொன்று. நிருபர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. எண்ணுகிற வியாதி மட்டும் ஓய்வு பெறவில்லை. எப்படியும் முக்கால் மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். ஐம்பது நிமிடம் ஆயிற்று. உறை பிரிக்கப் பிரிக்கப் புதுத்துணியின் கஞ்சி வாடை மூன்றாவது வரிசை வரை வந்தது.

அந்த வாடை வந்தால் எனக்கு ராஜாமணியம்மா நினைவு வரும். கூடவே எரிச்சலும் வரும். யார் மேல் என்று கேட்காதீர்கள், சொல்லத்தான் போகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் சேலத்தில் ஒரு நாளிதழின் நிருபர். என் நண்பர் பழனியப்பன் செவ்வாய்ப்பேட்டையில் கணக்கு வாத்தியார். இருவரும் சின்ன வயதில் கோயில் திருவிழாக்களில் பாட்டு நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் பிள்ளைகளோ ரேடியோவில் வரும் சினிமாப் பாட்டைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள். ஏழு வயது மகளிடம் ஒருநாள் நாடகத்தைப் பற்றி ஆசையாக விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஏனுங்கப்பா எல்லாத்தையும் பாடிக்கிட்டே இருக்கறாங்க? பேசுனா சீக்கிரம் முடிஞ்சிருமில்ல?" என்றாள்.

அந்தக் கேள்வியில்தான் திட்டம் பிறந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வந்து கேட்கிற மாதிரி பழைய நாடகப் பாட்டுகள். "குடும்பக் கச்சேரி" என்று நோட்டீஸ் அடித்தோம்.

பாடுவதற்கு ராஜாமணியம்மாவைத் தேடி ராசிபுரம் போனோம். பெண்ணாக இருந்தும் இருபது வருஷம் ராஜபார்ட், அதாவது நாயகன் வேஷம், கட்டியவர். நாங்கள் போனபோது அண்ணனுடைய நெய்க்கடையில் தராசின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது.

"பகல்லயா? பகல் வெளிச்சத்துல அந்த வேஷத்தப் பாத்தா நானே பயந்துக்குவனுங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார்.

பாட்டு நாடகத்தில் ராஜபார்ட் எடுத்த எடுப்பில் முகம் காட்டுவதில்லை. திரைக்குப் பின்னாலிருந்து முதலில் குரல் வரும். அந்த மெட்டையும் நடையையும் வைத்தே வருவது யார் என்று ஜனங்கள் தெரிந்துகொள்வார்கள். அதைப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாக ஆக்கலாம் என்றார்.

"உள்ளார இருந்து பாடுவனுங்க. வாரது ராசாவா, வேடனா, திருடனான்னு புள்ளைங்க சொல்லோணும். சொன்னதுக்கப்பறந்தான் திரையத் தொறக்கோணும்."

"எங்களுக்காவது சொல்லுங்க, என்ன வேஷம்?" என்றார் பழனியப்பன்.

"வாத்தியாரே, பதிலச் சொல்லிப்போட்டா அப்பறம் பரிட்சை எதுக்குங்க?"

வெளியே வரும்போது கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "எங்கண்ணன் மவள நான் கூட்டிக்கிட்டு வாரனுங்க. அத்தை நெய் நிறுக்கறவன்னுதான் அவளுக்குத் தெரியும். ராசாவா நின்னவன்னு சொன்னா சிரிக்கறா."

இனி நான் செய்த வேலைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. ஒரு காரியத்துக்குக் குண்டூசி கொடுத்தவரையும் மேடைக்கு அழைத்து, பெயர் சொல்லித் துண்டு போர்த்த வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அடுத்த தலைமுறை வரைக்கும் பகை. மைக் கொடுத்தவர், நாற்காலி கொடுத்தவர், நான்கு போர்வைகளைச் சேர்த்துத் தைத்துத் திரையாகத் தந்த ஆட்டையாம்பட்டிக்காரர் என்று பட்டியல் தயாரித்தவன் நான். இனிஷியல் உட்படச் சரிபார்த்தேன். பதினேழு பேர். மண்டபத்தை இலவசமாகத் தந்தவர் மட்டும் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வேலையாக வெளியூரில் இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பத்து மணிக்கே ராஜாமணியம்மா வேஷத்தோடு திரைக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். துண்டுகள் தொடங்கின. ஒவ்வொருவரும் "ரெண்டே வார்த்தை" என்றார்கள். லாரிப் பட்டறைக்காரரின் இரண்டு வார்த்தை ஒன்பது நிமிடம். பிள்ளைகள் நாற்காலிகளுக்கு இடையில் ஓட ஆரம்பித்தார்கள். திரை ஒரு சாண் குட்டை. அதன் கீழே சலங்கை கட்டிய இரண்டு பாதங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நின்றன.

"அப்பா, அந்தக் காலு யாருதுங்கப்பா?" என்றாள் என் மகள்.

"பொறு, பாடுவாங்க."

பதினொன்று முப்பத்தைந்துக்குப் பதினேழாவது துண்டு முடிந்தது. ஆர்மோனியம் மூச்சு விட்டது. பிறகு அந்தக் குரல். மைக் அதற்கு வேண்டியிருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். முன்வரிசையில் ராஜாமணியம்மாவின் அண்ணன் மகள் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சலங்கை இரண்டு அடி வைத்தது.

"ராசா!" என்றான் ஒருவன்.

"போடா, திருடன்! மெல்ல மெல்ல வருது பாரு!"

குரல் மேலே ஏறிற்று. அத்தனை பிள்ளைகளும் திரையைப் பார்த்துக் கத்தினார்கள். நான் வாசலைப் பார்த்தேன். கூட்டத்தில் வாசலைப் பார்ப்பது நிருபர் புத்தி. மண்டபத்துக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தது நான் ஒருவன்தான். பேசாமல் இருந்திருக்கலாம். மரியாதை செய்தால் பன்னிரண்டுக்கு மேல் அரை மணி நேரம் தருவார் என்று ஒரு நப்பாசை. சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினேன்.

பழனியப்பன் படித்தார். மைக்கைப் பிடித்தார். "கொஞ்சம் நிறுத்துங்கம்மா. ஒரே நிமிசமுங்க."

பாட்டு நின்றது. பதினெட்டாவது துண்டு கைவசம் இல்லாததால் பழனியப்பன் தன் தோளில் கிடந்ததையே எடுத்துப் போர்த்தினார். சினிமா வந்து பிள்ளைகளைக் கெடுக்கிறது, நம் நாடகங்களை அவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும் என்று மண்டபத்துக்காரர் பதினெட்டு நிமிடம் பேசினார். அதற்குள் வாசலில் கல்யாணக்காரர்களின் பாத்திர வண்டி வந்துவிட்டது. அரை மணி நேரம் கேட்டேன்.

"அவிகளுக்கு வாக்குக் குடுத்துட்டனே சாமி. நாடகம் எங்க போகுது? அடுத்த மாசம் வெச்சுக்கலாம்."

நான் பின்பக்கம் போனபோது ராஜாமணியம்மா புடவையில் இருந்தார். தேங்காயெண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிரங்குப் பெட்டி பூட்டியாகிவிட்டது.

"அத்தை, நீங்க ராசாவா வரவே இல்லீங்களே" என்றாள் அண்ணன் மகள்.

அவர் துணியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "மேடைப் பழக்கம் உட்டுப்போச்சுங்க. முந்தியெல்லாம் ஆரு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டேன்."

அடுத்த மாதம் கேட்கப் போனோம். கடையில் வேலை அதிகம் என்றார். கடையில் அப்போது யாரும் இல்லை.

அன்றைய நிகழ்ச்சிக்கு நான் எழுதிய செய்தியில் பிரமுகர்கள் முதலில் வந்தார்கள். ராஜாமணியம்மாவும் திரையும் பிள்ளைகளின் கத்தலும் கடைசிப் பத்தியில். இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. வெட்டினார்கள்.

மண்டபம் இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி ஜவுளிக்கடை. பழனியப்பன் இல்லை. ராஜாமணியம்மாவும் இல்லை, அவர் குரலை யாரும் டேப்பில் பிடித்து வைக்கவில்லை. பேத்தியின் விழாவில் பதினோராவது சால்வை முடிந்தபோது பக்கத்திலிருந்த மகள் குனிந்து, "அன்னிக்கி அந்தத் திரைக்குள்ள இருந்தது ராசாவா திருடனாப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அந்தச் செய்தி நறுக்கு என்னிடம் இருக்கிறது. பதினெட்டுப் பெயர்கள். இனிஷியலில் ஒரு பிழைகூட இல்லை.