ஆர் எழும்புகினம் எண்டு பார்

இதனால் சகலருக்கும் அறியத் தருவது: எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் அலுவலக மின்விசிறி நீண்டகால ஓய்வின் பின் மீண்டும் சுழலத் தொடங்கியுள்ளது. பெயர் எழுதிய துண்டுகள் பறக்கும் என்று அதை நிறுத்தியே வைத்திருந்தவர் இனி வரமாட்டார்.

கஜன்தான் தொலைபேசியில் சொன்னான்.

“டேய், புவனாக்கா போட்டாவாம்.”

“எங்க?”

“எங்கயெண்டு கேக்கிறாய், விசரா. விடிய நெஞ்சு நோவெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவை…”

எனக்கு முதலில் வந்தது எரிச்சல். ஒரு வாக்குவாதத்தின் நடுவில் இப்படி எழும்பிப் போவது என்ன நியாயம்?

அமைப்பின் செயலாளர் புவனேஸ்வரியை அறிந்த உங்களுக்கு அந்த வாக்குவாதமும் தெரிந்திருக்கும். ஐம்பது தாண்டியும் அவா எங்களுக்கு அக்காதான். ஆங்கிலத்தில் ‘அன்ரி’ என்று வாய் தவறியவனுக்கு உட்காரக் கதிரை கிடைக்காது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் மழையில்லாத சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் காணாது. அதனால் பதிவில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பதிவிலோ ஒரே ஆள் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் காணிப் பத்திரத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டு, இரண்டு ஆளாக உட்கார்ந்திருப்பார். இந்த இரட்டையர்களைக் கணினியால் பிடித்துத் தருகிறோம் என்று, உயர்தர வகுப்பில் தொழினுட்பம் படிக்கும் நானும் கஜனும் மார்தட்டிக்கொண்டு போனோம்.

ஒரு பெயரை மற்றதாக்க எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும் என்று எண்ணுவது என் முறை. அது கஜனையும் ராஜனையும் ஒரே ஆளாக்கியது. கஜனின் முறை ஒலியைப் பார்ப்பது: உயிரொலிகளையும் பெயரின் கடைசி ஒற்றையும் விட்டுவிட்டு, கிட்டத்தட்ட ஒரேமாதிரி ஒலிக்கும் மெய்களை ஒரே கூட்டில் அடைப்பான். அதில் சந்திரனும் சுந்தரமும் ஒன்றானார்கள். சந்திரனுக்குத் தண்ணீர் விட்டால் சுந்தரத்தின் வயலில் நெல் விளையும் என்பது அவன் விஞ்ஞானம்.

“ஒருத்தன் எழுத்தை எண்ணுறான், மற்றவன் சத்தத்தை எண்ணுறான். ஆளை ஆரடா எண்ணுறது?” என்றா புவனாக்கா.

அவாவின் முறை உலகத்திலேயே மெதுவானது. சந்தேகமான பெயர்களைத் துண்டுகளில் எழுதி, கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசிப்பா. “ஆர் எழும்புகினம் எண்டு பார்.” இரண்டு பேர் எழும்பினால் இரண்டு பேர். அவ்வளவுதான். இந்த முறையைப் பரிசோதிக்க நான் ஒருமுறை ‘கந்தையா தண்ணீர்ப்பிரியன்’ என்று ஒரு துண்டைச் செருகினேன். அவா முகம் மாறாமல் வாசித்தா. திரும்பவும் வாசித்தா. பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தா.

“தண்ணீர்ப்பிரியன் வரேல்லைப் போல. எழுதினவர் எழும்பி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தட்டும்.”

ஊத்தினேன். அதோடு விட்டேனா? இரண்டு முறைகளையும் இணைத்தேன். எழுத்தும் ஒலியும் சேர்ந்து ஓம் சொன்னால்தான் ஒரே ஆள். வடமாகாணத்தில் இப்படி ஒரு கணினி நிரல் இல்லை என்று நானே அறிவித்தேன். அது மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ராமையா லெட்சுமியையும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இராமையா லட்சுமியையும் சேர்த்து ஒரு பங்கை வெட்டியது. கூட்டத்தில் இரண்டு பெண்கள் எழும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நூற்றுக்கு ஒண்டு பிழைக்கும்தானே அக்கா!”

“அந்த ஒண்டுக்குப் போய்ச் சொல்லு. ரெண்டு பேரை ஒண்டாக்கினா ஒரு வயல் காயும். ஒருத்தரை ரெண்டாக்கினா என்ர தலைதான் இடிக்கும். இடிக்கட்டும்.”

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அவாவின் முறையும் பிழைத்தது. காது மந்தமான சுந்தரத்தார் எழும்பவேயில்லை. நித்திரையிலிருந்த இன்னொருவர் எந்தப் பெயருக்கும் எழும்பினார். நான் துள்ளினேன். அவா சைக்கிளை எடுத்தா. “அதுக்குத்தானே வீட்டை போய்க் கேக்கிறது.” எதைச் சொன்னாலும் ஒரு சைக்கிள் வைத்திருக்கும் மனிசியோடு எப்படி விவாதிப்பது?

போன கிழமை, இறந்தவரின் பெயரைப் பதிவிலிருந்து எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. கந்தையா புவனேஸ்வரி என்று தட்டினேன். வாய்க்காலின் கடைசியில் பயிர் செய்யும், நான் கண்டே இராத கந்தையா புவனேஸ்வரனும் அதே ஆள்தான், இருவரையும் அழிக்கிறேன் என்றது என் ஒப்பற்ற நிரல். என் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. பிறகு சைக்கிளை எடுத்தேன்.

கதவைத் திறந்த புவனேஸ்வரன் அண்ணை நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

“தம்பி, நான் உயிரோடதான் இருக்கிறன். வேணுமெண்டா இருந்து எழும்பிக் காட்டவோ?”

அந்த வெயிலில் திரும்பி வரும்போது அவாவோடு சண்டை பிடிக்க எவ்வளவோ இருந்தது. கேட்க ஆளில்லை.

அவாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ‘ஆளை ஆரடா எண்ணுறது’ என்ற கேள்வியும் ஒரு கட்டுத் துண்டுகளும். என் நிரல் கண் மூடித் திறக்கமுன் சோடி பிடிக்கிறது, உண்மை. ஆனால் ஒவ்வொரு சோடிக்கும் நான் சைக்கிளில்தான் போகிறேன். கஜனுக்குச் சொல்லிவிடாதீர்கள். முதற் பந்தியில் அறிவித்த செய்தியையும் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். மின்விசிறி ஒரு நாள்தான் சுழன்றது. துண்டுகள் பறந்தன. நிறுத்தியது நான்.