எங்கம்மா தோண்டிய வானம்

போன வாரம் பாலவனத்தம் பக்கம் ஒரு வீட்டுக்குள் கால் வைத்ததும் டைல்ஸ் தரை டொக்கென்றது. குனிந்து தட்டினேன், அடியில் மண் இறங்கியிருந்தது. அந்த டொக் என் காதுக்கு எவ்வளவு இனித்தது என்பதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல!

எங்கள் பக்கம் அஸ்திவாரத்துக்குத் தோண்டும் பள்ளத்தை வானம் என்போம். வெளியூர் பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிதில், "முதல்ல வானம் தோண்டணும் சார்" என்று முந்திரிக்கொட்டையாக எழுந்து சொன்னேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அது எனக்குப் பழகிய சிரிப்பு.

நான் சின்னவளாக இருந்தபோது, வீடில்லாதவர்களுக்கு ஊராட்சி குறைந்த விலைக்கு ஆளுக்கு மூன்று சென்ட் கொடுத்தது. எங்களுக்கு ரோட்டோர மனை. அருப்புக்கோட்டையில் தறி ஓட்டிய அம்மா, லீவு நாளெல்லாம் கடப்பாரையும் கையுமாக அங்கேதான் கிடந்தாள். கரிசலைக் கிளறினால் வரும் ஈர வாசம் இன்றைக்கும் எனக்கு அம்மாவின் வேர்வை வாசம்தான். பள்ளத்துக்குள் நின்றபடி, "இந்தா, இது சமையக்கட்டு. மிதிக்காத" என்பாள். சுவரே இல்லை; நானும் சுற்றித்தான் போவேன்.

அந்த மனை மேல் வார்டு மெம்பருக்குக் கண். மச்சினனுக்கு ரோட்டோரமாக ஒன்று வேண்டியிருந்தது. வேலை தொடங்காதவர்களின் மனையை ரத்து செய்ய ஒரு அதிகாரி வந்து, ஊராட்சி ஆபீசில் எல்லோரையும் கூட்டி விசாரித்தார். அம்மா எழுந்து, "வானம் தோண்டியாச்சுங்கய்யா" என்றாள்.

"வானத்தையா? நட்சத்திரமெல்லாம் பத்திரமாம்மா?"

கேட்ட அதிகாரி வேற்றூர்க்காரர், அவருக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிந்த மெம்பர்தான் எல்லோருக்கும் மேலாகச் சிரித்தார். "மொதல்ல ஒரு டீ சாப்பிடுங்க சார். பெறகு போயிப் பாப்போம்" என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்த டீ ஆறுவதற்குள் மெம்பருடைய டிராக்டர் எங்கள் பள்ளத்தை நிரவிவிட்டது.

வந்து பார்த்தால் சமதரை.

"காலையில வரைக்கும் இருந்துச்சுய்யா..."

"வானம் பறந்து போச்சாக்கும்?" என்றார் மெம்பர்.

மனையும் பறந்தது. மச்சினன் அவசரமாக வீடு கட்டினான். நிரவிய மண்ணைத் தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் குத்தி இறுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் நான் போனது அந்த வீட்டுக்குத்தான். விரிசல் பார்க்க இன்ஜினியரம்மா வேண்டுமென்று அழைத்திருந்தார்கள். கூடத்துத் தரையில் எங்கம்மாவின் வீடு அப்படியே கோடாக இறங்கிக் கிடந்தது. மூலையில் சமையலறைச் சதுரம். அந்தக் கோடு குறுக்கிட்ட இடத்திலெல்லாம் சுவர் வாய் பிளந்திருந்தது.

"எதனாலம்மா இப்பிடி?" என்றார் மச்சினனோடு வந்து நின்ற மெம்பர். நரைத்திருந்தார், என்னை அடையாளம் தெரியவில்லை.

"பறந்து போன வானம் திரும்பி வந்திருக்குங்க."

அவர் முகம் மெல்ல மெல்ல விளங்கிக்கொள்வதை அவசரப்படாமல் பார்த்தேன். "தரைய மட்டும் பேத்தா போதாதா?" என்றார், குரல் இறங்கி.

"சொவரும் போச்சு. இடிச்சுத்தான் ஆகணும்." பொய் கலக்க வேண்டிய தேவையே வரவில்லை. அதுதான் ருசி.

வாடகை வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "சமையக்கட்டு தெரியுதா?"

இப்போது பள்ளம் பறிப்பது ஜேசிபி. மேஸ்திரிகளும் 'எர்த் ஒர்க்' என்கிறார்கள். கொடுப்பதற்கு ஊராட்சியிடம் ஒரு சென்ட் புறம்போக்கு மிச்சமில்லை. மிச்சமிருப்பது அந்தக் கோடு ஒன்றுதான். அடுத்த வாரம் இடிக்கிறார்கள். அதற்கு முன்னால் அம்மாவைக் கூட்டிப்போய், மெம்பர் பார்க்க, அந்தச் சமையலறைக்குள் ஒருமுறை நிற்க வைப்பேன்.