இரைப்பைக்கு வழியனுப்பு விருந்து

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட். சித்திரை வெயில். என்னை எங்கள் ஊர் ஆண்டிமடத்துக்கு அழைத்துப் போக வந்த செல்வம் அண்ணனின் இடது காலில் செருப்பு இல்லை.

"அண்ணே, செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தார். வயிறு மறைத்தது. "அட... எங்கயோ கழண்டுடுச்சு போல பாப்பா."

கொதிக்கிற தாரில் நடந்து வந்திருக்கிறார்... சுடவே இல்லையாம்!

அண்ணன் அரியலூரில் சிமென்ட் லாரி ஓட்டுகிறார். முப்பத்தெட்டு வயது, நூற்று முப்பது கிலோ, பத்து வருடச் சர்க்கரை. கால் மரத்துப்போனது அன்றுதான் தெரிந்தது. பஸ் ஊர் போய்ச் சேர்வதற்குள் போனில் துழாவி ஒரு வார்த்தையைப் பிடித்துவிட்டேன் — பேரியாட்ரிக் சர்ஜரி. நான்தான் அவசரக்காரி ஆயிற்றே!

திருச்சி டாக்டர் படம் வரைந்து காட்டினார். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, ஒல்லிக் குழாயாகத் தைத்துவிடுவார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். எடை இறங்கும். சர்க்கரையும் இறங்கலாம்.

"'இறங்கலாம்'தாம்மா. திரும்பியும் வரலாம். சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் நாங்க சொல்ற நீர் ஆகாரம் மட்டுந்தான். ஈரல் கொழுப்பு வத்துனாத்தான் உள்ள வேலை செய்ய எடம் கிடைக்கும்."

தேதி குறித்தார்கள். நான் என்ன செய்தேன்? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெருமையாகப் போட்டேன் — 'இனி அண்ணனுக்கு ஒரு வேளைக்கு நாலு ஸ்பூன்தான்!'

வந்தது வினை.

சொந்தபந்தம் மொத்தமும் துக்கச் செய்தி கேட்டதுபோல் ஆனது. பிள்ளை இனிமேல் சாப்பிடவே முடியாதாமே... கடைசியாக நம் வீட்டில் ஒரு வாய்! அந்த நீர் ஆகார வாரங்களிலேயே புதுமாப்பிள்ளையை அழைப்பதுபோல் முறை வைத்து அழைத்தார்கள். ஆண்டிமடத்தில் பெரியம்மா வீட்டு நாட்டுக்கோழி. விக்கிரமங்கலத்தில் மாமா வீட்டு ஆட்டுக்கறி, முந்திரி மிதக்கும் பாயசம். பெரம்பலூரில் வேலை பார்க்கும் எனக்கு எதுவும் தெரியாது. அண்ணி மட்டும் தடுத்துப் பார்த்திருக்கிறார்.

"ஒரு நாளு தின்னா என்னடி வந்துரப் போவுது? சர்க்கரை ஊசிய ஒண்ணு கூடப் போட்டுக்கட்டும்" என்றாராம் பெரியம்மா.

அட்மிஷன் நாள். எடை மூன்று கிலோ கூடியிருந்தது. சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இந்த சுகர்ல வெட்டுனா தையல் ஆறாதுங்க."

தேதி தள்ளிப்போனது. எவ்வளவு நாள்? சர்க்கரை இறங்கும்வரை. அன்று தாரில் வெந்த பாதம் புண்ணாகி, மெல்ல ஆறிவந்து, இப்போது மறுபடி நீர் வடிகிறது.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?"

"இலையப் போட்டுட்டு எதிர்ல ஒக்காந்து அழுவுறாங்க பாப்பா. எப்புடி எந்திரிக்கிறது?" புண் காலை மெல்லத் தூக்கி வைத்தார். "அதுவரைக்கும் காலு தாங்குமா?"

யாரைத் திட்டுவது? ஊரைக் கூட்டியவள் நான். விருந்து வைத்தவர்களோ, ஒருவர்கூட அண்ணனுக்குக் கெட்டது நினைத்தவர் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இலை போடாமல் பாசம் காட்ட நம்மில் யாருக்காவது தெரியுமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை, புண்ணின் போட்டோவோடு வீடு வீடாகப் போகிறேன். முதலில் பெரியம்மா வீடு. வாசல் ஏறியதுமே "சாப்ட்டுட்டுப் பேசுடி" என்பார்.

இத்தனை வருடத்தில் நானும் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை... சொல்லிப் பார்க்க வேண்டும்.